ஒளடத தானமும் அபய தானமும்

(மகாவீர் ஜயந்தி விழாவையொட்டித் திருவக்கரையில் நடைபெற்ற இலவச மருத்துவ முகாமின் நிறைவு நிகழ்ச்சியில், மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று காலை முதல் இம்மண்டபத்தில் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள். நாங்கள் மருந்துகளை எடுத்துக் கொடுத்தோம். நம் முன்னோர் தானத்தை நான்காக வகுத்தனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகாரம், ஒளடதம், சாத்திரம், அபயம் என்பன அந்நான்கு. பசித்தவர்க்கு உணவும், நோயுற்றவர்க்கு மருந்தும், அறியாதவர்க்கு அறிவும், அஞ்சியவர்க்கு அடைக்கலமும் தருவது இல்லறத்தார் கடமை என்று அவர்கள் விதித்தனர். இம்முகாமில் நாம் செய்தது ஒளடத தானம். அந்தத் தானம் மருந்தைக் கையில் கொடுத்தவுடன் நிறைவு பெற்றுவிடுகிறதா என்பதே நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் வினா.

இந்த ஊருக்கு வருகிறவர்கள் சந்திரமௌலீசுவரர் திருக்கோயிலையும் வக்கிரகாளியம்மனையும் வணங்கிய பின்னர், சிறிது தொலைவு நடந்து கல்மரங்களைக் காண்பது வழக்கம். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தால் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், வடிவம் மாறாமல் கல்லாகிக் கிடக்கின்றன. இவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பார்த்து வந்தவர்கள்தாம். ஆயினும் 1781-ஆம் ஆண்டு சொன்னரா என்னும் பிரெஞ்சு நாட்டு இயற்கையாய்வாளர் அவற்றைக் கண்டு எழுதிவைத்த பிறகே அச்செய்தி உலகுக்கு எட்டியது. 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைக் காக்க முன்வந்தது. கண்டவர் பலர், எழுதியவர் ஒருவர். எழுதியதால்தான் அது காக்கப்பட்டது. மருந்துக் கடையின் மேசைக்குப் பின்னால் நிற்கும் எங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு என்பதனால் இதைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நாங்கள் நாள்தோறும் காண்பவை எவை? “போன வாரம் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை” என்கிறார் ஒருவர். “அதைப் போட்டதிலிருந்து உடம்பெல்லாம் தடிப்பு” என்கிறார் இன்னொருவர். “மாத்திரை சாப்பிட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது” என்கிறார் மூன்றாமவர். நாங்கள் என்ன செய்கிறோம்? “அப்படியானால் அதை நிறுத்திவிடுங்கள்” என்றோ, “வேறு கம்பெனி மாத்திரை தருகிறேன்” என்றோ சொல்லி அடுத்தவர் நீட்டும் சீட்டை வாங்கிக்கொள்கிறோம். அவர் சொன்ன சொல் அந்த மேசையோடு முடிந்துவிடுகிறது. மருத்துவர் அதை அறிவதில்லை, அரசு அறிவதில்லை, அதே மருந்தை நாளை உட்கொள்ளப் போகிற மற்றொருவரும் அறிவதில்லை.

மருந்தால் நேரும் தீங்குகளை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒன்று, மருந்தே கெட்டதாகவோ கலப்படமாகவோ இருப்பது. இது தரக்கேடு. மற்றொன்று, நல்ல மருந்தை அளவு மாற்றியோ ஆள் மாற்றியோ கொடுப்பது. இது பிழை. மூன்றாவதே எதிர்விளைவு. மருந்து நல்லது, அளவு சரியானது, நோய்க்கும் பொருந்தியது. இருந்தும் அந்த உடலுக்கு அது தீங்காகிறது. இம்மூன்றாவது வகையில் பெரும்பாலும் எவர் மீதும் குற்றம் இல்லை. மருத்துவரும் முறைப்படி எழுதினார். கடைக்காரரும் முறைப்படி கொடுத்தார். நெல் விளையும் நிலமெல்லாம் ஒரே மண்ணாக இருப்பதில்லை, உடலும் அப்படியே.

விற்பனைக்கு வருமுன் மருந்துகள் சோதிக்கப்படுவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சோதிக்கப்படுகின்றன. ஆனால் அச்சோதனையில் பங்குபெறுவோர் சில நூறு பேர் முதல் சில ஆயிரம் பேர் வரை மட்டுமே. 10,000 பேரில் ஒருவருக்கு வரும் கேடு ஒன்று இருப்பின், அதை ஒருமுறையேனும் ஏறக்குறைய உறுதியாகக் காண்பதற்கு 30,000 பேர் அம்மருந்தை உட்கொண்டிருக்க வேண்டும் என்பது கணக்கியலார் விதி. மேலும், சோதனைகளில் கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் பல நோய் கொண்ட முதியோரும் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அரிய தீங்குகள் மருந்து கடைக்கு வந்து, ஊர் ஊராகப் பரவிய பின்னரே வெளிப்படும். அவற்றை முதலில் கேட்கும் செவி, பெரும்பாலும் கடை மேசைக்குப் பின்னால் இருக்கும் செவியே.

இதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. தீங்கற்ற தூக்க மருந்து என்று பரப்பப்பட்டதால், கருவுற்ற பெண்கள் மசக்கை வாந்திக்கும் அதை உட்கொண்டனர். கைகால் வளர்ச்சியற்ற குழந்தைகள் பிறந்தன. ஹாம்பர்க் நகரில் லென்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் ஐயத்தை எழுப்பினார். 1961 டிசம்பரில், சிட்னி நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த மக்பிரைடு, லான்செட் என்னும் மருத்துவ இதழுக்குச் சில வரிகளே கொண்ட கடிதம் ஒன்றை எழுதினார். தாம் கண்டதைச் சொல்லி, இத்தகைய குழந்தைகளை வேறு எவரேனும் கண்டதுண்டா என்று அதில் வினவினார். அக்கடிதம் எதையும் மெய்ப்பிக்கவில்லை. தாம் பார்த்ததை மறைக்காமல் சொல்லி, பிறரையும் சொல்லத் தூண்டியது, அவ்வளவே. அதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். அந்தச் சில வரிகள் ஓராண்டு முன்னதாக எழுதப்பட்டிருந்தால் எத்தனை குழந்தைகள் முழு உடலோடு பிறந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதன் பின்னரே நாடுகள் விழித்துக்கொண்டன. 1964-இல் பிரிட்டன் ‘மஞ்சள் அட்டை’ என்னும் முறையைத் தொடங்கியது. மருத்துவர் தாம் ஐயுறும் எதிர்விளைவை ஒரு மஞ்சள் நிற அட்டையில் எழுதி அனுப்புவது அம்முறை. 1968-இல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளின் அறிக்கைகளை ஒன்று சேர்க்கத் தொடங்கியது. 1978 முதல் சுவீடனில் உள்ள உப்சாலா நகரில் அப்பணி நடைபெறுகிறது. பிரிட்டனில்கூட முதலில் மருத்துவர்க்கும் பல் மருத்துவர்க்குமே அந்த அட்டை கிடைத்தது. கடை மருந்தாளுநர்க்கு அவ்வுரிமை 1999-இல்தான் வந்தது. நம் நாட்டிலோ, 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கதவு எங்களுக்குத் திறந்தே இருக்கிறது. 2011 ஏப்ரல் முதல் காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதனை நடத்துகிறது. நம் பக்கத்திலுள்ள புதுச்சேரி ஜிப்மர் உள்ளிட்ட பல மருத்துவக் கல்லூரிகளில் அதற்கான கண்காணிப்பு மையங்கள் இயங்குகின்றன. திறந்த கதவுக்குள் நுழையாதிருப்பவர்கள் நாங்களே.

எழுதினால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. மாதவிடாய் வலிக்கென்று நம் பெண்பிள்ளைகள் கடைதோறும் கேட்டு வாங்கும் மெஃபனாமிக் அமில மாத்திரையை நீங்கள் அறிவீர்கள். அதனை உட்கொண்ட சிலருக்குத் தோல் தடிப்பும் காய்ச்சலும் நிணநீர்க் கணுக்களின் வீக்கமும் தோன்றி, கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படும் கடுமையான ஒவ்வாமை நேர்ந்தது. நம் நாட்டில் எழுதப்பட்ட அறிக்கைகளை ஆராய்ந்து, 2023 நவம்பர் 30 அன்று பார்மகோபியா கமிஷன் அதனைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இவ்வகை ஒவ்வாமை மருந்து தொடங்கிய அன்றே தோன்றுவதில்லை. இரண்டு முதல் எட்டு வாரங்கள் கழித்தும் தோன்றும். அதற்குள் மாத்திரையை வாங்கியவர் அதை மறந்திருப்பார். “சென்ற இரண்டு மாதங்களில் என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள்?” என்று எவரேனும் கேட்டால்தான் உண்மை வெளிவரும். எங்கோ ஒரு மருத்துவரோ செவிலியரோ மருந்தாளுநரோ அவ்வாறு கேட்டு எழுதியதன் பயனே அந்த எச்சரிக்கை.

அவ்வாறு கேட்காதவன் ஒருவனையும் நான் அறிவேன். குற்றத்தைக் குருவின் முன் எடுத்துரைப்பதை ஆலோசனை என்பர் நம் ஆகமத்தார். இந்த அவையைக் குருவாகக் கொண்டு இதைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், என் கடைக்கு ஓர் அம்மையார் வருவார். மணிலாக் கொல்லையில் களையெடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். இரத்தக் கொதிப்புக்கென மருத்துவர் எனலாப்ரில் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மாதந்தோறும் என்னிடமே வாங்குவார். மூன்றாவது மாதம், “தொண்டையில் நமைச்சலாக இருக்கிறது தம்பி, சளியே இல்லை, இருமல் மட்டும் விடவில்லை” என்றார். இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்தேன். அடுத்த மாதமும் வந்தார். வேறு பாட்டில் கொடுத்தேன். அதற்கடுத்த மாதமும் அவ்வாறே. எனலாப்ரில் வகை மருந்துகளால் பலர்க்கு வறட்டு இருமல் வரும் என்பது நான் படித்த பாடநூலிலேயே இருந்தது. ஒரு கையால் இருமலைத் தரும் மாத்திரையையும், மறு கையால் அந்த இருமலுக்கு மருந்தையும் விற்றுக்கொண்டிருந்தேன். அதே வகை மருந்துகளால் அரிதாகச் சிலர்க்கு உதடும் நாக்கும் வீங்கி மூச்சு அடைபடும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது.

ஒரு நாள் இரவு அவருடைய நாக்கு வீங்கியது. மகன் இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். நல்வினைப் பயனால் அவர் பிழைத்தார். மருத்துவர் மாத்திரையை மாற்றினார். சில வாரங்களில் இருமலும் நின்றது. பின்னர் ஒரு நாள் கடைக்கு வந்தவர், புதுச் சீட்டை நீட்டிவிட்டு, கோபம் ஏதுமின்றி, “அந்த இருமலை உன்கிட்டதான் தம்பி முதல்ல சொன்னேன்” என்றார்.

அவர் என்னைப் பழிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். அச்சொல் இன்றும் என் காதை விட்டு அகலவில்லை. அவருக்குத் தந்த மாத்திரையில் குற்றமில்லை; எழுதிய மருத்துவர் மீதும் குற்றமில்லை. மூன்று முறை கேட்டும் கேளாதவனாய் இருந்த என்னிடமே குற்றம் இருந்தது. அதற்கு மேலும் ஒரு குற்றம் செய்தேன். அவர் பிழைத்துக்கொண்டார் என்று மனம் ஆறினேனே அன்றி, நடந்ததை எவருக்கும் எழுதவில்லை.

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம், பிரமாதத்தின் வழியாக உயிர்க்கு ஊறு விளைவிப்பதையே இம்சை என்று வரையறுக்கிறது. பிரமாதம் என்பது அசட்டை, விழிப்பின்மை. கண்பார்த்து அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில் தற்செயலாய் ஓர் உயிர் மடியின் அவர்க்கு அந்தப் பாவம் இல்லை என்றும், பாராமல் நடப்பவனுக்கு உயிர் மடியாவிடினும் பாவம் உண்டு என்றும் பெரியோர் விரித்துரைப்பர். இந்த அளவுகோலால் மருந்துத் தொழிலை அளந்து பாருங்கள். எதிர்விளைவு தற்செயல், அது நேர்வதை முற்றிலும் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் நேர்ந்ததைக் கேட்டும் கேளாமல் விடுவது பிரமாதம். மருந்தாளுநர்க்கு இம்சை எங்கே தொடங்குகிறது என்பதை இந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

இனி, அண்மையில் நம் தமிழ்நாட்டின் பெயரையே தலைகுனியச் செய்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில், காய்ச்சலும் சளியும் கண்ட குழந்தைகள் இருமல் மருந்து உட்கொண்டபின் சிறுநீர் பிரியாமல், சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அந்தக் கோல்ட்ரிஃப் மருந்து, நமக்கு வடக்கே காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஆலையில் செய்யப்பட்டது. அக்டோபர் முதல் நாள் செய்தி வந்ததும் நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஆலைக்குச் சென்று மாதிரி எடுத்தனர். மறுநாளே ஆய்வு முடிவு வந்தது. 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாத டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு, எஸ்.ஆர். 13 என்ற தொகுதி எண் கொண்ட மருந்தில் 48.6 விழுக்காடு இருந்தது. அதற்குள் பல பிஞ்சு உயிர்கள் போய்விட்டன. இறந்த குழந்தைகள் 20-க்கும் மேல்.

இது நான் முன்னர்ச் சொன்ன மூன்று வகைகளில் முதலாவது, தரக்கேடு. இதே நஞ்சு 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரையும், பின்னர்ச் சென்னையில் குழந்தைகள் பலரையும், 1986-இல் மும்பையில் 14 பேரையும் பலி கொண்டது. ஆலையில் நடந்த குற்றத்தைக் கடைக்காரர் கண்டறிய இயலாது. பாட்டிலை மூக்கில் வைத்து மோந்தாலும் தெரியாது. ஆனால், “குழந்தைக்கு நேற்றிலிருந்து சிறுநீரே போகவில்லை” என்று ஒரு தாய் சொல்லும்போது, அது எந்த மருந்துக்குப் பின் என்று கேட்க இயலும். உடனே மருத்துவமனைக்கு அனுப்ப இயலும். பாட்டிலைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்ல இயலும். அதன் தொகுதி எண்ணைக் குறித்து அன்றே மருந்து ஆய்வாளர்க்குத் தெரிவிக்க இயலும். எதிர்விளைவோ, பிழையோ, தரக்கேடோ, எதுவாயினும் முதல் செய்தி நோயாளியின் வாய்ச்சொல்லாகவே வருகிறது. அதைக் கேட்கும் பழக்கம் அன்றாடம் இருந்தால்தான் ஆபத்து நேரும் நாளில் அது உதவும்.

என் தொழில் நண்பர்கள் ஏன் எழுதத் தயங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நானும் அத்தயக்கங்களில் பல்லாண்டுகள் கிடந்தவனே.

“இந்த மருந்தால்தான் வந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியாதே” என்பர். உறுதி வேண்டியதில்லை, ஐயம் போதும். படிவத்தின் தலைப்பிலேயே ‘ஐயத்திற்குரிய எதிர்விளைவு’ என்றுதான் இருக்கிறது. காரணத்தை ஆராய்வது மையத்தாரின் வேலை.

“இது எல்லார்க்கும் தெரிந்த விளைவுதானே” என்பர். தெரிந்ததாயினும், கடுமையானதாயின் எழுத வேண்டும். உயிர்க்கு இறுதியோ அச்சுறுத்தலோ, மருத்துவமனைச் சேர்க்கையோ, ஊனமோ, பிறவிக் குறையோ நேர்ந்தால் அது கடுமையானது. எத்தனை பேர்க்கு நேர்கிறது என்ற எண்ணிக்கை எழுதினால்தான் தெரியும்.

“மருத்துவர் வருந்துவாரே, வழக்கு வருமே” என்பர். எதிர்விளைவை அறிவிப்பது எவர் மீதும் குற்றம் சாட்டுவது ஆகாது. நோயாளியின் முழுப் பெயர்கூட வேண்டியதில்லை. பெயரின் முதலெழுத்துகள் போதும். விவரங்கள் மறைவாகவே காக்கப்படும். மருத்துவரிடம் முதலில் பணிவோடு தெரிவித்துவிட்டு எழுதினால் எந்த மனத்தாங்கலும் வராது. எனக்கு அப்படி ஒருமுறையும் வந்ததில்லை.

“நேரம் ஏது?” என்பர். இன்றியமையாத செய்திகள் நான்கே. யாருக்கு நேர்ந்தது, என்ன நேர்ந்தது, எந்த மருந்தால் என்று ஐயம், அறிவிப்பவர் யார் என்பவை அவை. அட்டவணை எச்-1 மருந்துகளுக்கு 2014 முதல் நாம் தனிப் பதிவேடு எழுதி மூன்றாண்டு காத்து வைக்கிறோம் அல்லவா? சட்டத்துக்கு அஞ்சி ஒரு பதிவேடு எழுதும் கை, அறத்துக்கு அஞ்சி இன்னொன்று எழுதக் கூடாதா?

இது மருந்தாளுநர்க்கு மட்டும் உரிய கடமையன்று. பொதுமக்களும் நேராக அறிவிக்கலாம். அதற்கான படிவம் தமிழிலும் உள்ளது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வேலை நாள்களில் பேசலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகளால் நேர்ந்தவற்றை ஏற்பதற்கு ஆயுஷ் அமைச்சகமும் 2018 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. ‘மூலிகைதானே, என்ன செய்யும்’ என்று அவற்றை மறைக்க வேண்டா.

ஒன்றை மட்டும் தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மருந்தைக் கண்டு அஞ்சுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, வலிப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை நீங்களே நிறுத்திவிடுவது பெருங்கேட்டில் முடியும். எதிர்விளைவு என்று தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் வேறு மருந்து தருவார். அந்த அம்மையார்க்கும் மருந்து நிறுத்தப்படவில்லை, மாற்றித்தான் கொடுக்கப்பட்டது. முகமும் நாக்கும் வீங்குதல், மூச்சுத் திணறல், வாயிலும் கண்ணிலும் புண்ணோடு தோல் உரிதல், குழந்தைக்குச் சிறுநீர் நின்றுபோதல் ஆகியவை கண்டால் கடைக்கு வர வேண்டா; நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அபயம் மனிதர்க்கு மட்டும் உரியதன்று என்பது நம் நெறி. ஆகவே வாய்பேசா உயிர்களைப் பற்றியும் ஒரு சொல். டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி நம் வீடுகளில் எல்லாம் புழங்குவது. அதை மாடுகளுக்கு ஊசியாகப் போட்டனர். அம்மாடு இறந்தபின் அதன் உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. இந்தியாவின் முதன்மையான பிணந்தின்னிக் கழுகினங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் சில ஆண்டுகளுக்குள் அழிந்தன. அதற்குக் காரணம் இந்த மருந்தே என்பது 2004-இல்தான் வெளிப்பட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. மனிதர்க்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின என்பதால், 2015-இல் அக்குப்பியும் 3 மில்லி அளவாகக் குறைக்கப்பட்டது. கழுகு எந்தக் கடைக்கு வந்து முறையிடும்? சொல்ல இயலாதவற்றின் பொருட்டும் நாம்தாம் பார்க்க வேண்டும். மாட்டுக்கென்று அந்த ஊசி மருந்தைக் கேட்டு வருபவரைக் கால்நடை மருத்துவரிடம் திருப்பி அனுப்புவதும் ஒரு சீவகாருணியமே.

நிறைவாக, அறக்கட்டளையாரிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, அடுத்த முகாம் முதல், மருந்து கொடுக்குமுன் ஒவ்வொருவரையும், “இதற்கு முன் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?” என்று கேட்டு, அதைச் சீட்டின் தலைப்பில் சிவப்பு மையால் எழுதுவோம்.

இரண்டாவது, கொடுத்த மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் பதிவேட்டில் குறிப்போம். மாத்திரை அட்டையை வெட்டித் தரும்போது, தொகுதி எண்ணும் முடிவு நாளும் அச்சிட்ட துண்டு எங்கோ போய்விடுகிறது. முகாம்களில் எல்லா இடத்திலும் நடக்கும் தவறு இது. அட்டையை முழுதாகவே கொடுப்போம். அல்லது அந்த எண்ணை உறைமேல் எழுதிக் கொடுப்போம். கோல்ட்ரிஃப் பாட்டில்களைத் தேடித் திரும்பப் பெறுவதற்குக் கையில் இருந்த பிடி அந்த எண்தான்.

மூன்றாவது, நம் இளைஞர்கள் சிலர் முகாமுக்குப் பின் மூன்றாம் நாளும், பத்தாம் நாளும், ஒரு மாதம் கழித்தும் மருந்து பெற்றவர்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் கேட்கட்டும். எவரேனும் ஒவ்வாமை ஒன்றைச் சொன்னால், நானும் என் நண்பர்களும் படிவத்தை நிரப்பிக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்புகிறோம். அந்தப் பொறுப்பை இந்த அவையிலேயே ஏற்றுக்கொள்கிறேன்.

நம் புலவர்களாகிய காரியாசானும் கணிமேதாவியாரும் தம் நீதி நூல்களுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் ஏலாதி என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். உடற்பிணிக்கு மருந்து எப்படியோ, உயிர்ப்பிணிக்கு அறம் அப்படி என்று அவர்கள் கருதினர். திருக்குறளின் மருந்து அதிகாரமோ மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து மருந்தைத் தருபவரையும் ஒரு கூறாக வைக்கிறது. அந்த நான்காம் இடம் எங்களுடையது என்றே நான் கொள்கிறேன். அருகில் இருப்பவன் என்று பெயர் வாங்கியபின், நோயாளி சொல்வதைக் கேளாதிருப்பது எப்படித் தகும்?

தொடக்கத்தில் நான் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. மருந்தைக் கொடுப்பது ஒளடத தானம். “இதனால் உனக்கு ஏதேனும் நேர்ந்தால் சொல், நான் கேட்பேன், எழுதுவேன், அடுத்தவர்க்கு நேராமல் காப்பேன்” என்று கூறுவது அபய தானம். பின்னது இல்லாமல் முன்னது நிறைவு பெறாது.

அந்த அம்மையார் இப்போது இல்லை; முதுமையில் இயல்பாகவே மறைந்தார். அவர் பொருட்டு நான் எழுதாமல் விட்ட படிவம் ஒன்று உண்டு. அதற்குப் பின் எழுதிய ஒவ்வொரு படிவத்தையும், அதற்கான பிராயச்சித்தமாகவே எழுதி வருகிறேன். இங்குள்ள மருந்தாளுநர்கள் ஒவ்வொருவரும், இந்த ஆண்டில் ஒரு படிவமேனும் எழுதுவோம் என்று இந்நன்னாளில் விரதம் பூண வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

 எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க! அருகன் அறம் ஓங்குக!